இலையில் வைத்த சிகரெட்

ஒன்று என்று போட வேண்டுமாம். நூற்று எண்பத்தெட்டு என்று போட வேண்டிய காலையில் ஒன்று என்று போட வேண்டுமாம். கேட் இறங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு பைக்கோடு உள்ளே புகுந்து தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள், நான் பிரேக்கைப் பிடித்தேன், எப்போதும் பிடிக்கிறவன் நான்தான், விதி என்று ஒன்றிருந்தால் அதற்கு நாலடி முன்னாலேயே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துக் காலை ஊன்றி நிற்கிற ரகம், முப்பது வருஷமாகப் பாலிடெக்னிக் பட்டறையில் கண்ணாடி போடாமல் மெஷினுக்குப் பக்கத்தில் வராதே என்று பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை போனவன், அப்படிப்பட்டவனிடம் வந்து அந்த அம்மாள் சொல்கிறாள், விதின்னா விதிதான் தம்பி என்று. மணி எட்டு இருபத்தைந்து. ஒன்பதுக்குள் எண்ணைப் போட வேண்டும். சட்டைப் பையில் செல்போன் இருக்கிற இடம் மட்டும் சுடுவதுபோல் இருக்கிறது, முன்பு சிகரெட் பாக்கெட் இருந்த அதே பை. இந்த ரயில்வே கேட்டில் மட்டும் நான் எத்தனை சிகரெட் பிடித்திருப்பேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, சரக்கு ரயிலாக இருந்தால் இரண்டு. அப்போதெல்லாம் கேட் மூடியிருந்தால் கோபமே வந்ததில்லை, நல்லதாய்ப் போயிற்று என்றிருக்கும். விட்ட பிறகுதான் தெரிகிறது இது எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கிறது என்று. ஒரு மனிதனுடைய ஆயுளில் எவ்வளவு நேரத்தை இவர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள், யார் இவர்கள், கேட் கீப்பரா, அவர் பாவம், கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் என்னைப் போல நின்றுகொண்டுதான் இருக்கிறார். கோபம் அவர்மேல் இல்லை. கோபம் பேச்சியக்காள்மேல்.

குழுவின் பெயர் ‘விட்டாச்சு’. வாட்ஸ்அப்பில் நூற்றுப் பத்துப் பேர், சிகரெட்டோ பீடியோ சுருட்டோ விட்டவர்கள், விடப் பார்க்கிறவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. காலையில் அவரவர் விட்டு எத்தனை நாள் என்ற எண்ணை மட்டும் போட வேண்டும், குட் மார்னிங் கூடாது, ரோஜாப்பூ கூடாது, சாமி படம் கூடாது. எண்களின் வரிசைதான் பட்டியல், அதிக நாள் ஆனவர் மேலே, நேற்று விட்டவர் கீழே. இடையில் ஒரு இழுப்பு இழுத்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து. நம் எண்ணைப் பார்த்ததும் பட்டியலில் நமக்கு அடுத்து இருப்பவர் ‘கேட்டேன்’ என்று ஒரு வார்த்தை போடுவார். அவ்வளவுதான் மொத்தமும். லேத் பிரிவைப் பார்க்கிற தனபால், ‘ஏன் சார், செல்போனப் பாத்துப் பாத்து சிகரெட்ட விடுறீங்க, அப்புறம் செல்போன விடுறதுக்கு எந்த குரூப்ல சேருவீங்க?’ என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டான், சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஒருவன் விடிந்ததும் ஒரு எண்ணைச் சொல்வதும் அதை இன்னொருவன் கேட்டேன் என்று சொல்வதும் என்ன செய்யும் என்று தனபாலுக்கு எப்படிப் புரியும். மாத்திரை செய்யாததை, சூயிங்கம் செய்யாததை, அண்ணன் செத்ததுகூடச் செய்யாததை அது செய்தது. அண்ணன் செத்து ஆறு மாதம் நான் பிடித்துக்கொண்டுதானே இருந்தேன். நுரையீரல் முழுக்கக் கரியாகிச் செத்த மனிதனைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வெளியே வந்து முதலில் நான் செய்தது என்ன. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சுவருக்குப் பின்னால் போய்ப் பற்றவைத்தேன். அந்த நான் நூற்று எண்பத்தேழு நாள் நின்றேன் என்றால் அது இந்தக் குழுவால்தான், மறுக்கவில்லை, ஆனால் அதற்காக? நூற்று எண்பத்தேழு நாளையும் ஒரே ஒரு இழுப்புக்காகத் துடைத்துப் போட்டுவிடுவதா? அதுவும் எனக்காகவா இழுத்தேன்?

நேற்று அண்ணனுக்கு முதல் வருஷ திவசம். சின்னாளபட்டியில் அவர் வீட்டில் படையல். மட்டன் குழம்பு, அவித்த முட்டை, உளுந்தவடை, அவருக்குப் பிடித்த பால்கோவா, எல்லாம் இலையில் வைத்தாயிற்று. அண்ணி உள்ளே போய் ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார், அண்ணனுடைய பிராண்டு, ஃபில்டரில் தங்க வளையம் போட்டது, எங்கே வாங்கினாரோ, யாரை அனுப்பி வாங்கினாரோ. பாக்கெட்டில் அழுகிப்போன தொண்டையின் படம், அதை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எது அவரைக் கொன்றதோ அதையே கொண்டுவந்து அவர் இலையில் வைக்கிறார்களே, இதென்ன கூத்து, பாம்பு கடித்துச் செத்தவனுக்குப் பாம்பைப் படைப்பார்களா என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ‘அண்ணி, பாக்கெட்டோட அப்படியே வச்சிரலாமே’ என்றேன். ‘பத்த வைக்காம வச்சா அவரு நெருப்புக்கு யாருகிட்டப் போய் நிப்பாரு தம்பி?’ என்றார் அண்ணி. யாரோ சிரித்தார்கள், அண்ணியும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், அது பாதியில் அழுகையாகிவிட்டது. ‘பிரபுவுக்குப் பழக்கமில்ல. நீங்கதான் பத்த வைக்கணும். உங்களுக்குத்தான் தெரியும்.’ பிரபு அவர் மகன், கையில் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தான், சிகரெட் தொடாத பிள்ளை, அப்பாவைப் பார்த்தே தொடாத பிள்ளை. வீடு நிறைய ஆள், நெருப்பு வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைவிட அசிங்கமாக ஒரு மனிதனை யாரும் கூப்பிட்டு மரியாதை செய்ததில்லை. வாங்கினேன், பற்றவைத்தேன், இலையோரத்தில் வைத்தேன். மத்தியானம் பஸ்ஸில் திரும்பி வரும்போது குழுவில் நானாகவே எழுதினேன். யாரும் கேட்கவில்லை. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணன் படையலுக்குச் சிகரெட் பற்றவைக்க நேர்ந்தது, பற்றவைப்பதற்கு ஒரு இழுப்பு இழுத்தேன் என்று எழுதினேன். பரவாயில்லை என்று சொல்வார்கள், ஒரு கைகூப்பும் படம் போடுவார்கள், அண்ணனுக்காக இரண்டு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பா?

பேச்சியக்காளுக்கு எழுத வராது, குரலில்தான் அனுப்புவாள். தென்காசிப் பக்கம் நாற்பது வருஷம் பீடி சுற்றியவள், பசி தெரியாமல் இருக்கச் சுற்றினதிலேயே ஒன்றை எடுத்துப் பிடிக்க ஆரம்பித்து அதிலேயே இருமி இருமிப் பாதி உயிராகி, விட்டு இப்போது பதினோரு வருஷம். பட்டியலில் முதல் ஆள். நாலாயிரத்துச் சொச்சம் என்று அந்த எண்ணை மட்டும் எப்படியோ தட்டுத்தடுமாறிப் போட்டுவிடுவாள். பின்னால் சேவல் கத்துகிற, யாரோ குடத்தைக் கழுவுகிற சத்தத்தோடு அவள் குரல் வந்தது. ‘தம்பி, ஒங்க அண்ணனுக்கு வச்சே, நல்ல காரியம், நான் வேண்டாங்கல. ஆனா இழுத்தது ஆரு? ஒங்க அண்ணனா, நீயா? நாளைக்குக் காலைல ஒண்ணுன்னு போடு, விதின்னா விதிதான் தம்பி. கோவப்படாத, என்ன.’ நீ என்கிறாள். என் வீட்டில்கூட என்னை யாரும் நீ என்று சொல்லி இருபது வருஷம் ஆகிறது. டிப்ளமா படித்துவிட்டு ஐந்நூறு ஆயிரம் பிள்ளைகளை உருவாக்கி அனுப்பியிருக்கிறேன், என்னைப் போய் ஒரு பீடி சுற்றுகிற, பார், எங்கே போகிறது புத்தி. பீடி சுற்றினால் என்ன. அவளுக்குச் சரியாகப் பட்டதைச் சொல்கிறாள். ஆனால் சரியில்லையே அது! விளக்கில் காட்டிப் பற்றவைத்திருக்கலாமே என்று வேறு ஒருவர் எழுதுகிறார், ஊதுபத்தி மாதிரி. பட்டறைக்காரனுக்கு நெருப்பைப் பற்றிச் சொல்லித் தருகிறார். காற்று உள்ளே இழுபடாமல் சிகரெட் கனியாது ஐயா, நுனி கருகி அணைந்துபோகும், உலைக்கே துருத்தி வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இழுத்தேன், ஒரு துருத்தியாக இருந்தேன், அவ்வளவுதான். பட்டியலில் எனக்கு அடுத்தவன் இருதயராஜ் எனக்காகக் கிளம்பினான். ‘எங்க சர்ச்சுல பூசையில வைன் குடுக்காங்க, அது குடியா? பேச்சியக்கா, அநியாயம் பேசாதீங்க.’ உடனே அவளிடமிருந்து வந்தது: ‘வைன் குடிக்கவன் வைன விடுதேன்னு இங்க வந்து சொல்லல லே. இவரு சொல்லியிருக்காரு.’ இருபது பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். என் அண்ணனுடைய திவசத்தன்று. ராத்திரி சாப்பிடவில்லை நான்.

இதோ இந்த ஆள் பற்றவைக்கப் போகிறான். எனக்கு முன்னால் மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு நிற்கிறவன், காதுக்கு மேலே செருகியிருந்த சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்துவிட்டான், பைகளைத் தடவுகிறான். பொது இடம். சட்டம் இருக்கிறது. பெட்டிக்கடைக்காரன் வாசலில் லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பான், இன்று கடை திறக்கவில்லை, யாராவது செத்திருப்பார்கள், இல்லை கல்யாணமாக இருக்கும். செல்போன் அதிர்கிறது. இருதயராஜ்தான். குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான், தூத்துக்குடிப் பையன், பையன் என்ன, நாற்பது வயது. எனக்கு ஒரு வாரம் கழித்து விட்டவன், இன்று அவனுக்கு நூற்று எண்பத்தொன்று, பட்டியலில் எனக்கு அடுத்தவன், தினமும் எனக்குக் கேட்டேன் போடுகிறவன். அங்கே ஆறரைக்கு, நமக்கு ஒன்பதுக்கு, செல்போனைக் கீழே லாக்கரில் வைத்துவிட்டு மேலே ஏறிவிடுவான், எண்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, சாயங்காலம் வரை தனியாக. ‘அங்கதான் அண்ணாச்சி பேய் பிடிக்கும், பிடிச்சா யாரு பாப்பாங்கிற நெனப்பு’ என்று ஒரு நாள் சொன்னான். இதற்கு முன்னால் இரண்டு தடவை விட்டு இரண்டு தடவையும் அந்தக் கூண்டுக்குள் விழுந்தவன். ‘நீங்க ஏழு நாள் முன்னாடி போறீங்க. ரோட்டுல குழி இருந்தா நீங்க சொல்லிருவீங்க. நான் ஒங்க நம்பர நெனச்சிக்கிட்டே ஏறிருவேன்.’ இப்போது அவன் அனுப்பிய குரல் செய்தியைக் காதில் வைத்துக் கேட்கிறேன். ‘அண்ணாச்சி, எங்க ஆளக் காணோம்? நூத்தி எம்பத்தெட்டப் போடுங்க, நான் கேட்டேன் போட்டுட்டு ஏறணும். அந்தக் கெழவி பேச்ச விடுங்க. ஒரு இழுப்புதான அண்ணாச்சி. பொய் சொல்லுத ஆளா இருந்தா நீங்க சொல்லியிருக்கவே வேண்டாம். சொன்னீங்கள்ல, அதான் பெருசு. ஒங்களுக்காக எவன்கிட்டயும் நான் சண்டைக்கு நிப்பேன்.’ நிற்பான். கிரேன்மேல் நின்றுகொண்டு எனக்காகச் சண்டை போடுவான். ஒன்று என்று போட்டால் நான் பட்டியலின் அடிக்குப் போய்விடுவேன், அவனுக்கு முன்னால் யாரோ ஒருவர் வருவார், எனக்கு அடுத்து யாரும் இருக்க மாட்டார்கள். கடைசி ஆளுக்கு அடுத்தவர் கிடையாது என்பதால் முதல் ஆள் கேட்டேன் சொல்வது வழக்கம். முதல் ஆள் யார்? பேச்சியக்காள். என்ன கொடுமை இது, தண்டனை கொடுத்த வாயிலிருந்தே கேட்டேன் வாங்க வேண்டுமாம்!

ஒரு இழுப்புதானே. ஆமாம். சரியாகச் சொன்னால் இரண்டு. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, முதல் இழுப்பில் நுனி ஒரு பக்கம் மட்டும் சிவந்து புகைந்துகொண்டே அணைந்தது, இன்னொரு குச்சி உரசினேன், அதனால் இரண்டாவது. பற்றவைப்பதில் இரண்டு தடவை என்பதும் ஒரு தடவை என்பதும் ஒன்றுதான், ஒரே காரியம், வெல்டிங்கில் முனை ஒட்டவில்லை என்றால் மறுபடி தட்டுகிறோம், அதை இரண்டு வெல்டிங் என்று யாராவது சொல்வார்களா? அதனால் ஒன்று என்று எழுதினேன். அது பொய்யில்லை. வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுக்கும்போது முதல் வருஷப் பிள்ளைகளிடம் நான் சொல்லும் முதல் வார்த்தை, எதையும் அளப்பதற்கு முன்னால் இரண்டு தாடையையும் மூடி சுழிப்பிழையைப் பார் என்பதுதான். மூடிய நிலையிலேயே அது பூஜ்யம் காட்டவில்லை என்றால் அப்புறம் நீ அளக்கிற ஒவ்வொன்றும் அந்த அளவுக்குத் தப்பு, எவ்வளவு கவனமாக அளந்தாலும் தப்பு. இதை ஏன் இப்போது நினைக்கிறேன். ரயில் வருகிறது. இல்லை, லாரி.

அண்ணன் கடைசியாகக் கேட்டார். அதுதான் அண்ணிக்கு ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு, பக்கத்தில் ஆக்சிஜன் குமிழ் விட்டுக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அண்ணி வெளியே இருந்தார், திரும்பி வந்தபோது பார்த்துவிட்டார். நான் தலையை ஆட்டினேன், முடியாது என்று. முடியாதுதான், ஆக்சிஜன் வைத்திருக்கிறது, ஒரு பொறி போதும். ஆனால் அவர் கேட்பதற்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் நான் கீழே கேன்டீனுக்குப் பின்னால் நின்று பிடித்துவிட்டு, ஏலக்காய் மென்றுவிட்டு மேலே வந்திருந்தேன். அண்ணன் என் கையைக் கேட்டார். எழுந்து உட்கார முயல்கிறாராக்கும் என்று கொடுத்தேன். கையை மூக்குப் பக்கத்தில் கொண்டுபோய், குழாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, என் விரலை மோந்து பார்த்தார். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும். கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம். அவர் கோபப்படவில்லை. எனக்கு முதல் சிகரெட் கொடுத்தவர் அவர்தான், பத்தொன்பது வயதில், ஐ.டி.ஐ. முடிவு வந்த அன்று தியேட்டர் இடைவேளையில், ‘இந்தா, பெரிய மனுஷனாயிட்ட’ என்று. அதைச் சொல்லி எத்தனை வருஷம் அவர்மேல் பழியைப் போட்டிருக்கிறேன், அண்ணன் கொடுத்தான், அண்ணன் கெடுத்தான் என்று. முப்பத்தைந்து வருஷம் என் வாயில் வைத்தது அவர் கையா? அன்றைக்கு என் விரலை மோந்தபோது அவர் முகத்தில் இருந்தது என்ன. பசி. வேறொன்றுமில்லை. நான் கையை மெதுவாக உருவிக்கொண்டேன். மூன்றாம் நாள் போய்விட்டார். கேட்டாரே, கடைசியில ஒண்ணு கேட்டாரே, குடுக்கலையே என்று அண்ணி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், என்னைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொல்கிறார், எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் விரல் நாறுகிறது.

பாசஞ்சர் ரயில் வந்தது, போனது. ஜன்னலில் யாரோ பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கேட் எழும்பவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சரக்கு வருகிறதாம், பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள், ஹாரன் அடித்தால் கேட் எழும்பிவிடுமா, மடையர்களா. எட்டு நாற்பத்தொன்று. படையலில் சிகரெட்டை வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டோம், அவர் வந்து சாப்பிடுவதற்காக. கொஞ்சம் கழித்து அண்ணிதான் முதலில் உள்ளே போனார். போன வேகத்தில் கூப்பிட்டார், ‘வந்து பாருங்க எல்லாரும், வந்து பாருங்க!’ இலையோரத்தில் சிகரெட் நன்றாகக் கனிந்து பாதிக்குமேல் சாம்பலாகியிருந்தது. சாம்பல் உதிராமல் அப்படியே நீளமாக. ‘ஏத்துக்கிட்டாரு. பாத்தீங்களா தம்பி, எப்படி இழுத்திருக்காருன்னு? பத்து நிமிஷத்துல பாதி!’ அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், ஒரு வருஷத்தில் முதல்தடவையாக அந்த அழுகையில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் சிரித்தேன். தலையை ஆட்டினேன். ஆமா அண்ணி, ஏத்துக்கிட்டாரு என்றேன். ஆனால் அந்தச் சிகரெட் இலைக்குப் போகும்போதே கால்வாசி எரிந்திருந்தது எனக்குத் தெரியும். இரண்டு இழுப்பில் ஒரு சிகரெட் கால்வாசி எரியாது. சரி. அதுதான். அதைச் சுற்றிச் சுற்றித்தான் நேற்று மத்தியானத்திலிருந்து நடக்கிறேன். இரண்டாவது இழுப்பிலேயே நன்றாகப் பற்றிக்கொண்டது. நுனி முழுக்கச் சிவப்பு. குனிந்து இலையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. புகை மற்றவர்கள் முகத்தில் அடிக்க வேண்டாம் என்று நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிப் படத்தைப் பார்த்து நின்றிருந்தேன். யாருக்கும் என் முகம் தெரியாது. அப்போது மூன்றாவதாக ஒன்று இழுத்தேன். ஆழமாக. அடிவயிறு வரை. பிடித்து வைத்துக்கொண்டேன், எத்தனை நேரம் என்று தெரியாது, தலை லேசாயிற்று, கால் விரல்வரை ஒரு இனிப்பு இறங்கியது, நூற்று எண்பத்தேழு நாளும் எங்கோ காத்திருந்துவிட்டு ஒரே மூச்சில் வீட்டுக்கு வந்ததுபோல. எதிரே அண்ணன் படம், மாலை, நெற்றியில் குங்குமம். அந்த இழுப்பின்போது எதிரே யாருடைய படம் இருக்கிறது என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அண்ணன் அதில் இல்லை. திவசம் இல்லை, அண்ணி இல்லை, ஒருவரும் இல்லை. நானும் அதுவும் மட்டும்தான்.

‘சார், தீப்பெட்டி இருக்கா?’ பால்காரன்தான். மொபெட்டில் உட்கார்ந்தபடியே முழுதாகத் திரும்பியிருக்கிறான், உதட்டில் பற்றவைக்காத சிகரெட். நெருப்புக்கு யாரிடம் போய் நிற்பார் என்றார் அண்ணி, இதோ, என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். இல்லை என்றேன். ‘பழக்கம் இல்லியா சார்? குடுத்து வச்சவரு.’ பேசாமல் இருந்திருக்கலாம், ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், முன்பின் தெரியாத ஆள், கேட் எழும்பினால் அவன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். ‘இருந்துச்சு. விட்டுட்டேன்’ என்றேன். எதற்காகச் சொன்னேன், பெருமைக்கா? அவன் உதட்டிலிருந்து சிகரெட்டைக் கையில் எடுத்துக்கொண்டான், ஒரு மரியாதைபோல. ‘அப்பிடியா! நானும் எத்தனவாட்டி பாத்துட்டேன் சார், ஆவ மாட்டேங்குது. எத்தன நாளாச்சு சார் விட்டு?’ வாயைத் திறந்தேன். நூற்று எண்பத்தெட்டு என்று தொடங்குவதற்கு நாக்கு மேலே போனதுகூட எனக்குத் தெரிந்தது. ‘ஒரு நாள்’ என்றேன். அவன் ஒரு வினாடி என்னைப் பார்த்தான், நரைத்த மீசை, கழுத்தில் பாலிடெக்னிக் அடையாள அட்டை, ஒரு நாள். பிறகு கேன்கள் இரண்டும் குலுங்கும்படி சிரித்தான். ‘ஒரு நாளா! சரியாப் போச்சு போங்க. நாளைக்கு இதே கேட்டுல பாப்போம் சார், தீப்பெட்டியோட வருவீங்க.’ பக்கத்து ஆட்டோவிலிருந்தும் சிரித்தார்கள். நான் வருவேனாம்! தீப்பெட்டியோடு! என் உடம்பெல்லாம் எரிந்தது, அவன் சட்டையைப் பிடித்து, டேய் நூற்று எண்பத்தேழு நாள் நின்றவன்டா நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது, ஆனால் அதை நான்தானே ஒரு நிமிஷத்துக்கு முன்னால் என் வாயாலேயே வேண்டாமென்று வைத்தேன். யார் வைக்கச் சொன்னது? குழு பார்க்கவில்லை, பேச்சியக்காள் பார்க்கவில்லை, காதில் சிகரெட் செருகிய ஒரு பால்காரனிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

செல்போனை எடுத்தேன். எட்டு ஐம்பத்திரண்டு. அண்ணியிடம் இதைச் சொல்ல மாட்டேன், அது இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை, அந்தப் பாதிச் சாம்பல் அண்ணன் இழுத்ததாகவே இருக்கட்டும், அந்தப் பொய்யை நான் தூக்கிக்கொண்டு போகிறேன், அது எனக்குக் கனக்கட்டும். ஆனால் இங்கே எழுத வேண்டும். எழுத்து இரண்டு தடவை தப்பாக விழுந்தது, அழித்து மறுபடி அடித்தேன். ‘1. நேற்று ஒரு இழுப்பு என்றேன். மூன்று. முதல் இரண்டு பற்றவைக்க. மூன்றாவது எனக்கு.’ அனுப்பினேன். சரக்கு ரயில் வந்தது, பெட்டி பெட்டியாக, மூடியவை, திறந்தவை, சிமென்ட் நிறத்தில், முடியவே முடியாததுபோல. அந்தச் சத்தத்துக்கு நடுவில் கையில் செல்போன் அதிர்ந்தது. இருதயராஜ், தனியாக எனக்கு மட்டும். ‘எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி. ஒங்களுக்காகப் பேசி இப்ப என் மூஞ்சிய எங்க வைக்க?’ அடுத்து எதுவும் இல்லை. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. எட்டு ஐம்பத்தாறு. ஏறிவிட்டானா, எதை நினைத்துக்கொண்டு ஏறினான், அவனுக்கு முன்னால் இருந்த குழியே நான்தான் என்று நினைத்துக்கொண்டா. கடைசிப் பெட்டி போனது. கேட் கிறீச்சிட்டு எழும்ப ஆரம்பித்தது, எல்லா இன்ஜினும் ஒரே நேரத்தில் உறுமின. அப்போது குழுவில் விழுந்தது: 181. அவன் எண். அதற்குக் கீழே அவனே ஒரு வரி. ‘ரோட்டுல குழி இருந்தா சொல்லுவாருன்னு சொன்னேன். சொல்லிட்டாரு. ஏறுதேன்.’

பால்காரன் திரும்பிக் கையாட்டிவிட்டுப் போனான், சிகரெட்டை மறுபடி காதில் செருகிக்கொண்டு. பின்னால் ஹாரன். ‘யோவ், தூங்குறியா?’ இன்னொரு குரல் செய்தி வந்திருந்தது, மூன்று வினாடி. பேச்சியக்காள். இங்கே கேட்கக் கூடாது, வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்க வேண்டும், விதியென்று ஒன்றிருக்கிறது, நூறு வண்டி என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அசையவில்லை நான். எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஆறவில்லை, இப்போதும் ஆறவில்லை: இரண்டாவது தெரியாது அவளுக்கு, மூன்றாவது தெரியாது, நான் படத்தைப் பார்த்து நின்றது தெரியாது, ஒன்றுமே தெரியாமல் தென்காசிப் பக்கம் எங்கோ ஒரு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, இழுத்தது ஆரு, ஒங்க அண்ணனா நீயா என்று எப்படிக் கேட்டாள்? என்ன உரிமையில் அவ்வளவு சரியாகக் கேட்டாள்? செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். சேவல் கத்தியது. ‘கேட்டேன். சாப்ட்டியா தம்பி?’